ஓர் ஏக்கருக்குக் கீழே

வரைபடத்தில் அந்த நிலம் பச்சை.
நேரில் போனால்
இரண்டு பலகை வீடு, ஒரு லோரி கொட்டகை,
பேருக்கு நாலு ரம்புத்தான்.
ஆனாலும் பச்சை.
நகராண்மைக் கழகத்து வண்ணம்
பினாங்கு மழைக்குச் சாயம் போவதில்லை.

சுங்கை பாக்காப், லோட் 1187.
அங்கப்பன் போய் ஆறு வருஷம் கழித்து
பிள்ளைகள் மூவரும் வந்தார்கள்,
மூன்று காரில்.
என் மேசைக்கு முன் நாற்காலி இரண்டுதான்.
சிங்காரவேலு நின்றுகொண்டார்.

"ஒன்றரை ஏக்கர். ஆளுக்கு அரை.
கோடு போட்டுக் கொடும்மா, போதும்."

கோடு போடுவதுதான் என் பிழைப்பு,
சர்வேயர் ஆபீசில் பதினெட்டு வருஷமாய்,
ஏர்கோனுக்கு நேர் கீழே,
ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு.

கிராண்டைப் புரட்டிக் காட்டினேன்.
விவசாயம் என்று எழுதியிருக்கிறது, பாருங்கள்.
விவசாய நிலத்தை
ஓர் ஏக்கருக்குக் கீழே துண்டு போட விடமாட்டார்கள்.
வீட்டு நிலமாய் மாற்றலாம்.
பிரீமியம் கட்டவேண்டும். அப்புறம் திட்ட அனுமதி.
பக்கத்து நிலக்காரர்களுக்கு நோட்டீஸ் போகும்,
ஆட்சேபம் இருந்தால் மூன்று வாரத்தில் சொல்லலாம்.

"எங்கள் நிலத்துக்குப் பக்கத்து நிலக்காரனை எதற்குக் கேட்கணும்?"
என்றார் தட்சணா.
நியாயம்தான்.
கூடப் பிறந்தவர்களையே அவர் கேட்டதில்லை.

சரி, சும்மா போட்டுப் பார்ப்போம் என்று
திரையில் இழுத்தேன்.
பெரிய ரோட்டைத் தொடுவது ஒரு பக்கம் மட்டும்.
முன் துண்டுக்கு வாசல் உண்டு.
பின்னால் இரண்டும் ரோடில்லாத துண்டு,
ரோடில்லாத துண்டுக்குக் கிராண்ட் இல்லை.
ஆகவே ஓரமாய் நாற்பதடி ரோடு.
போட்டவுடன் அது உங்களுடையது இல்லை,
அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

"சும்மாவா?"
சும்மாதான்.

"யார் பங்கில் இருந்து?"
அதற்குத்தான் ஒரு மணி நேரம் ஆனது.
"அந்த ரோட்டில் யார் வண்டி நிறுத்துவது?"
என்றாள் புஷ்பலீலா.
சட்டத்தில் தேடினேன், அதற்குப் பதில் இல்லை.

முடிவில் தீயணைப்பு வண்டி திரும்ப வட்டம் வேண்டும்.
வட்டம் போய் முனியாண்டி மேல் விழுந்தது.
ரம்புத்தானடியில் ஒரு சூலம், இரண்டு செங்கல்.
வரைபடத்தில் குறித்தால்
அனுமதி எங்கே என்பார்கள்.
குறிக்காவிட்டால்
ஒரு நாள் மண்வாரி வந்து நிற்கும்.
கோட்டை லேசாய் வளைத்துப் பார்த்தேன்.
ஒரு மீட்டர் உதைத்தது.

பிரீமியத் தொகையைச் சொன்னதும்
மூவரும் ஒரே நேரத்தில் மூச்சை விட்டார்கள்.
ஆறு வருஷத்தில்
அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம்
அதுவாகத்தான் இருக்கும்.

வேறு வழி?
இருக்கிறது. ஒரே கிராண்ட், மூன்று பேர்.
ஆளுக்கு மூன்றில் ஒன்று, பிரிபடாத பங்கு.

"எந்த மூன்றில் ஒன்று?" என்றார் நின்றுகொண்டிருந்தவர்.

எதுவும் இல்லை, அண்ணே.
அல்லது எல்லாமும்.
ஒரு பிடி மண் அள்ளினால்
அதில் மூன்று பேரும் இருக்கிறீர்கள்.

கையெழுத்துப் போட்டார்கள்,
மூன்று பேனாவில்.

போன மாதம் நிபோங் திபால் போகும் வழியில்
வண்டியை நிறுத்திப் பார்த்தேன்.
எந்த அனுமதியும் இல்லாமல்
தகரத்தில் இரண்டு வேலி.
நான் போட்ட கோடுகளைவிட நேராகவே இருந்தன.
முனியாண்டியிடம் வந்ததும் தகரம் வளைந்து,
அவரைச் சுற்றி ஒரு பாதை விட்டு,
மறுபடி நேராகிப் போனது.
முன்னால் ஒரே தண்ணீர் மீட்டர்.
அதிலிருந்து மூன்று குழாய்.
கம்பிக் கதவில் செருகியிருந்த பில்,
பாதி நனைந்து,
அங்கப்பன் பெயரில்.